கூகுள் ஏகபோகம்தான்!

கூகுள் கம்பெனி ஏகபோகமா, இல்லையா என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் இன்னமும் விவாதம் நடத்திக்கொண்டிருக்கின்றன. ஜனங்கள் தங்கள் விருப்பப்படி உபயோகிக்கிறார்கள், காசும் கொடுப்பதில்லை, இதில் ஏகபோகம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள்.

விருப்பம்தான் காரணம் என்றால், 2021ம் வருஷம் மட்டும் 2,630 கோடி டாலரை அந்தக் கம்பெனி எதற்காக வாரி இறைத்தது? ஆப்பிள், சாம்சங் போன்ற போன் கம்பெனிகளுக்கும், டெலிபோன் கம்பெனிகளுக்கும், பிரவுசர் கம்பெனிகளுக்கும் கொடுத்த பணம் இது. போனைத் திறந்து எதைத் தேடினாலும் கூகுளே முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கப்பம்!

கடைத்தெருவிலே உள்ள ஒவ்வொரு கடைக்காரனுக்கும் மாதாமாதம் பணம் கட்டி, "என் சரக்கை முன்னால் வை, மற்றவன் சரக்கை மூட்டைக்குப் பின்னால் தள்ளு" என்று ஒரு வியாபாரி ஏற்பாடு செய்தால் அதற்கு என்ன பெயர்? அவன் சரக்கு நல்ல சரக்காகவே இருக்கட்டும். (கூகுளின் சரக்கு நல்லதுதான். நாம் அதை மறுக்கவில்லை.) அதற்காக மற்றவன் கடையே போடக்கூடாதா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க சர்க்காரே 2020ல் வழக்குத் தொடுத்தது. 2024 ஆகஸ்ட் 5ந் தேதி வாஷிங்டன் ஜில்லா கோர்ட்டு நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஏகபோகக் கம்பெனிதான், அந்த ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புக் கூறினார். அந்நாட்டுத் தேடல்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 அதன் கையில். போட்டிக்கு அஞ்சாமல் விளம்பரக் கட்டணத்தை உயர்த்த அதற்கு முடிந்தது என்றும் தீர்ப்பு சொல்கிறது. இலவசம் என்கிறார்களே, அந்த விளம்பரச் செலவைச் சரக்கின் விலையில் சேர்த்து நம்மிடம்தானே வாங்குகிறார்கள்?

தண்டனை என்ன? இதே 1890ம் வருஷத்துச் சட்டத்தைக் கொண்டு 1911ல் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 துண்டாக வெட்டினார்கள். (ராக்பெல்லர் அதனால் ஏழையாகிவிடவில்லை என்பது வேறு கதை. 34 கம்பெனிகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது.) கூகுளுக்கு அதுவும் இல்லை. குரோம் பிரவுசரை விற்க வேண்டாம், பணம் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாம் என்று 2025 செப்டம்பர் 2ந் தேதி உத்தரவாயிற்று. மற்றவனை அடியோடு விலக்கும் ஒப்பந்தம் கூடாது, தேடல் விவரங்களில் சிலவற்றைப் போட்டியாளருக்குக் கொடு என்றதோடு சரி. மறுநாளே அந்தக் கம்பெனியின் பங்கு விலை எகிறியது!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். உரம் வாங்கப் போனால், வேண்டாத நுண்ணூட்ட மூட்டையையும் தலையில் கட்டுகிற கடைக்காரனை விவசாயத் தோழர்கள் அறிவார்கள். ஆண்டிராய்டு போன் செய்கிற கம்பெனிகளிடம் கூகுள் செய்தது அதே வேலை. பிளே ஸ்டோர் வேண்டுமா, எங்கள் ஆப்கள் முழுவதையும் சேர்த்து ஏற்று என்றது. இதற்காக 2022 அக்டோபர் 20ந் தேதி இந்தியப் போட்டி கமிஷன் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

பிரமாதமான தொகை என்று தோன்றும். அந்த வருஷம் கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட்டின் நிகர லாபம் ஏறக்குறைய 6,000 கோடி டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தால், அபராதம் ஏறக்குறைய ஒரே ஒரு நாள் லாபம்! ஆலைக்கு ஒரு நாள் வராத தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது. கோடிக்கணக்கான போன்களில் நடத்திய அக்கிரமத்துக்கும் அதே அளவு.

கம்பெனி அப்பீலுக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் அபராதம் நிலைத்தது. ஆனால் கமிஷனின் 10 கட்டளைகளில் 4 ரத்தாயின. விருப்பம், விருப்பம் என்கிறார்களே, போனில் முன்னாலேயே ஏற்றி வைத்த ஆப்பை உபயோகிக்கிறவன் வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ள விடு என்ற கட்டளை அந்த நான்கில் ஒன்று.