800 தடவை கேட்டாச்சு, காசு எங்கே?

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். வானொலியில் நாங்கள் ஒலிபரப்பிய பாடலின் இசையமைப்பாளர். "அக்கா, பாட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆன்லைன்ல 800 தடவை கேட்டிருக்காங்க. காசு எப்ப வரும்?"

ஸ்பாட்டிஃபையை நம்பியிருந்தால் வராது. கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்கு அங்கே 2024 முதல் ராயல்டி இல்லை. அந்தப் பங்கு ஆயிரத்தைத் தாண்டிய பாடல்களுக்குப் போய்விடும். இதற்கிடையே, பாடலை அங்கே கொண்டு சேர்த்த விநியோக நிறுவனம் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கேட்கிறதாம். கட்டாவிட்டால் பாட்டையே எடுத்துவிடுவார்களாம். வீட்டு வாடகை கதைதான்!

"பேண்ட்கேம்ப்லயும் போடுங்க தம்பி" என்றேன். அங்கே நேரடி விற்பனை. விலையை நாமே வைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 விழுக்காடு, பணம் செலுத்தும் கட்டணம் தனி. பத்து வெள்ளிக்கு விற்றால் பெரும்பகுதி நமக்கே மிஞ்சும்.

"நம்ம ஆளுங்க பாட்டுக்குக் காசு குடுப்பாங்களாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. நானே கடைசியாக வாங்கியது, மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சிடி. எந்த வருடம் என்றுகூட நினைவில்லை. பாட்டை ஏற்றியதும் லிங்க் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.