பேட்டரிக்கு ஒரு ஃபியூஸ்

மோட்டார் ஹோமுக்கு லித்தியம் பேட்டரி வாங்க வருகிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள். ஒயரைப் பற்றி வாயே திறப்பதில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டைப் பேரலலாக இணைத்தால் வோல்ட் மாறாது, கொள்ளளவு 200 ஆகும். சரி. ஆனால் பிளஸ்ஸை ஒன்றிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடுக்காவிட்டால் ஒரு பேட்டரியே அதிகம் உழைக்கும். இணைக்குமுன் இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். இரண்டும் சமமா என்று பார்க்க வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள், இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் பாதிச் சார்ஜும் முக்கால் சார்ஜும் ஏறக்குறைய ஒரே வோல்ட்தான் காட்டும்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்ப்பவரோடு நான் சண்டையே போடுவேன். விற்பவர்களும் பேட்டரியோடு ஃபியூஸையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும்.

சுமையையும் கணக்குப் பாருங்கள். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) துண்டித்தால் பாரமெல்லாம் மற்றதன் தலையில்; 100 ஆம்பியர் மட்டுமே தாங்கும் அதுவும் கைவிரித்துவிடும்.