வீட்டுக்குள் வந்த பேய்

பேய் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் அங்கே வீடு ஒன்று இருக்க வேண்டும். வீடு என்று நாம் சொல்வது சுவரையும் கூரையையும் அல்ல. இன்ன நேரத்தில் இன்னார் காபி குடிப்பார், இன்ன நாற்காலியில்தான் தாத்தா உட்காருவார், சமையலறைக் கதவு மழைக் காலத்தில் சரியாகச் சாத்திக்கொள்ளாது என்பவையெல்லாம் பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் இரவு அந்தக் கதவு தானாகத் திறந்தால் நமக்கு மயிர்க்கூச்செறியும். முன்பின் தெரியாத வீட்டில் கதவு திறந்தால் நமக்கென்ன? காற்று அடித்திருக்கும்.

2022-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி வெளியான 'கனெக்ட்' என்னும் தமிழ்ப் படத்தைப் பார்த்தபோது இந்த எண்ணம் நமக்கு உண்டாயிற்று. டைரக்டர் ஸ்ரீ அஸ்வின் சரவணன் புதியவர் அல்லர். 2015-ல் வந்த 'மாயா'வும், 2019-ல் வந்த 'கேம் ஓவ'ரும் அவருடைய கைவேலையே. பேய்ப் படம் என்றால் வெள்ளைப் புடவையும், சலங்கைச் சத்தமும், நடுவில் ஹாஸ்ய நடிகர்கள் நாலு பேர் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வதுமாக இருந்த காலத்தில், சிரிப்பு மூட்டாமல் பயத்தை மட்டுமே ஊட்ட முற்பட்டவர் அவர். 'மாயா'வில் நடித்த ஸ்ரீமதி நயன்தாராவே இதிலும் கதாநாயகி. ஆகையால் வெகு ஆவலுடன் பார்க்க உட்கார்ந்தோம். ஏமாற்றமும் அந்த ஆவலுக்குத் தக்கபடியே இருந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-ல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று சர்க்கார் அறிவித்தபோது, நம் படமுதலாளிகளுக்குத் தமிழ் எவ்வளவு சுலபமாக ஞாபகம் வந்தது! அவர்களுக்குத் தமிழை ஞாபகப்படுத்த இன்னொரு வரி தேவை போலிருக்கிறது. நிற்க.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜோசப் ஒரு டாக்டர். அவர் மனைவி சூசன். ஒரே மகள் அன்னா சங்கீதத்தில் தேர்ந்தவள். லண்டனில் போய்ப் படிக்க அவளுக்கு வாய்ப்பு வருகிறது. தகப்பனார் அனுப்பலாம் என்கிறார், தாயார் தயங்குகிறாள். இதற்குள் 2020-ஆம் வருஷத்துக் கோவிட் நோய் பரவி, ஊரடங்கு வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன டாக்டர், நோய் தொற்றி அங்கேயே உயிர் விடுகிறார். தாய்க்கும் மகளுக்கும் நோய் கண்டு, வீட்டுக்குள்ளேயே தனித்தனி அறைகளில் அடைபடுகிறார்கள். அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்ற தாபத்தில் அன்னா ஆவிகளை அழைக்கும் எழுத்துப் பலகையை நாடுகிறாள். அழைப்புக்கு இணங்கி ஒருவர் வருகிறார். வந்தவர் அப்பா அல்ல.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இது முதல் தரமான கதை. இதற்குமேல் பயங்கரம் வேண்டுமென்று கேட்பவர்கள் 2020-ல் சென்னையில் வசித்திருக்க மாட்டார்கள்.

தேனாம்பேட்டைவாசிகளாகிய நமக்கு அந்தக் கோடையை ஒருவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நகரத்தில் நோய் மிகுந்திருந்த மண்டலங்களில் தேனாம்பேட்டை மண்டலமும் ஒன்று. மாகாணம் முழுவதற்குமான கட்டுப்பாட்டு அறை, அண்ணா சாலையில் நாம் தினமும் கடந்து செல்லும் டி. எம். எஸ். வளாகத்தில்தான் இயங்கியது. நோய் கண்ட வீட்டுக் கதவில் கார்ப்பரேஷன்காரர்கள் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். சில இடங்களில் வாசலையே தகரத்தால் அடைத்தார்கள். ஜூன் 19-ந் தேதி மறுபடியும் கடுமையான ஊரடங்கு வந்தது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வீட்டுக்குள் வந்துவிடப் போகிறதே என்று, பால் பாக்கெட்டைக்கூடச் சோப்பு நீரில் குளிப்பாட்டி உள்ளே எடுத்துச் சென்றோம். காலிங் பெல் அடித்தால் கைகால் நடுங்கிற்று. இருபது வருஷம் கூடிப் பழகிய எதிர் வீட்டுக்காரர் இருமினால், நாம் ஜன்னலைச் சாத்தினோம். இதைவிடப் பெரிய பேயை எந்த டைரக்டர் கற்பனை செய்துவிட முடியும்?

இன்னொரு சம்பவமும் உண்டு. அதை எழுதக் கை கூசுகிறது. 2020 ஏப்ரல் 19-ந் தேதி சென்னையில் நரம்பு சிகிச்சை நிபுணர் ஒருவர் கோவிட்டுக்குப் பலியானார். அவர் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டு சென்றபோது, அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்கள். வேலங்காட்டிலும் கல்லும் கட்டையும் கொண்டு வண்டியைத் தாக்கினார்கள். மனைவியும் மகனும் உயிர் தப்பி ஓட நேர்ந்தது. கடைசியில், நள்ளிரவில், உடன் பணி புரிந்த டாக்டர் ஒருவரும் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளும் தங்கள் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார்கள். கணவரைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அந்த அம்மாள் நியாயஸ்தலம் சென்று, 2021 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றார்.

இவ்வளவும் நடந்த ஊரில், ஒரு டாக்டரின் மனைவியையும் மகளையும் வைத்துப் படம் எடுக்கும்போது, வேறு எங்காவது போய்ப் பயத்தைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் உண்டா? ஸ்ரீ அஸ்வின் சரவணன் கடன் வாங்கித்தான் இருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். 1973-ல் வில்லியம் பிரீட்கின் எடுத்த 'எக்ஸார்ஸிஸ்ட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் பழைய முகமாகவே தோன்றும். அதே தாயார், அதே மகள், அதே பலகை, கட்டிலில் அதே போராட்டம், கடைசியில் அதே பாதிரியார். இங்கே பாதிரியாராக வரும் ஸ்ரீ அனுபம் கேர் பம்பாயில் இருந்துகொண்டு, கம்ப்யூட்டர் திரை வழியாகப் பேயை ஓட்டுகிறார் என்பதுதான் புதுமை. ஆனால் அந்த அமெரிக்கப் படத்தில் தாயார் மகளை டாக்டர் டாக்டராக அழைத்துக்கொண்டு அலைவதை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! பாதிரியார் வீட்டுப் படியேறும்போது அந்தக் குழந்தை நம் குழந்தையாகிவிட்டிருக்கிறது. பலகையையும் பாதிரியாரையும் எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பொறுமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கதை கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றியது என்பதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பங்களை இயல்பாகக் காட்டும் தமிழ்ப் படங்கள் மிகச் சொற்பம். நம் ஆட்சேபம், அவர்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களாகத் தோன்றவில்லையே என்பதுதான். தூத்துக்குடி ஜில்லாவில் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் போனால், பேய் பிடித்தவர்கள் என்று அழைத்து வரப்பட்டவர்களையும், அவர்களோடு நாட்கணக்கில் அங்கேயே தங்கிக் காத்திருக்கும் குடும்பத்தாரையும் காணலாம். அந்தக் காத்திருப்பில் உள்ள வேதனையும் நம்பிக்கையும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை. ஊரடங்கில் அந்தக் கோயில் வாசலுக்கும் போக வழியில்லாமல் ஒரு தாய் தவிப்பதாக வைத்திருந்தால், கதை எங்கேயோ போயிருக்கும். சுதேசித் துணி கட்டும் தேசத்தில் பேய்க்கு மட்டும் சீமைச் சரக்கா?

இனி, சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிசப்தம், மேலும் நிசப்தம், திடீரென்று 'தடால்!' இந்த உபாயம் முதல் தடவை பலிக்கிறது. இரண்டாம் தடவை அரைவாசி பலிக்கிறது. பிறகு, நிசப்தம் ஆரம்பித்தவுடனேயே ரஸிகர்கள் காதைப் பொத்திக்கொண்டு தயாராகிவிடுகிறார்கள். ஒலிப்பதிவு உயர்ந்த ரகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தூக்கிவாரிப் போடுவது வேறு, பயப்படுத்துவது வேறு. முன்னதைச் செய்யத் தீபாவளிக்கு அடுத்த வீட்டுப் பையன் போதும்.

குறை மட்டுமே சொன்னோம் என்ற பெயர் வேண்டாம். பேய் பிடித்த மகளாக நடித்த செல்வி ஹனியா நஃபிசா அடங்கிய நடிப்பில் ஆரம்பித்து, பிறகு உடம்பை வருத்திக்கொண்டு நடித்திருக்கிறார். ஸ்ரீமதி நயன்தாரா அழும்போது கண்ணீர் விடுகிறாரே தவிர, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. சூசனின் தகப்பனாராக வரும் ஸ்ரீ சத்யராஜ்தான் நம் மனத்தில் நின்றவர். மகளையும் பேத்தியையும் கைப்பேசித் திரையில் அவரால் பார்க்க முடிகிறது. ஓடிவந்து கதவைத் தட்ட முடியவில்லை. அந்த முகத்தில் 2020-ஆம் வருஷம் முழுதும் இருக்கிறது. டைரக்டர் அந்தத் தாத்தாவை இன்னும் கொஞ்சம் நம்பியிருந்தால், பாதிரியாருக்குப் பம்பாய் வரையில் போயிருக்க வேண்டாம். 99 நிமிஷத்தில் முடியும் இந்தப் படத்தை இடைவேளை இல்லாமல் பார்ப்பதற்கென்றே எடுத்ததும் நல்ல துணிச்சல். சோளப்பொரி விற்கும் கொட்டகைக்காரர்களுக்கு அது ரஸிக்கவில்லை என்று கேள்வி. நமக்கு ரஸித்தது.

இவரே எடுத்த 'கேம் ஓவ'ரில், வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கத்தி பிடித்த மனிதர்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஸ்வப்னாவும், அவளைப் பார்த்துக்கொள்ளும் கலாம்மாவுமே அந்த வீட்டுக் குடும்பம். இரத்த பந்தம் ஏதும் இல்லாத அந்த இருவரிடையே உள்ள பிரியத்தைக் காட்டுவதற்குப் படத்தின் பெரும் பகுதியை டைரக்டர் செலவழித்தார். தாழ்வாரம் எங்கே திரும்புகிறது என்பதுகூட நமக்குப் பாடமாகிவிட்டிருந்தது. கடைசியில் வாசலில் ஆள் நடமாட்டம் தெரிந்தபோது, கொட்டகையில் நாம் ஆசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டோம்.

'கனெக்'டை, இருதய பலவீனம் உள்ளவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். செவிகள் பலவீனமாக உள்ளவர்கள்தான் யோசிக்க வேண்டும். உண்மையாகவே பயப்பட விரும்பும் நேயர்கள் 'கேம் ஓவ'ரை மறுமுறை பார்ப்பது நலம். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள். வாசற்கதவைத் தாழிட்டுக்கொள்வது அவரவர் சௌகரியம்.