மண் எவ்வளவு குடிக்கும்?

வீட்டுக் கழிவு நீரை எங்கே விடுவது? பட்டணத்தில் பாதாளச் சாக்கடை உண்டு. அது இல்லாத ஊரில் மண்தான் குடித்தாக வேண்டும். மண் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டுவிட்டா விடுகிறோம்?

கேட்டுத்தான் விட வேண்டும் என்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் கற்ற பாடம். அங்கே கிராமத்து வீட்டுக்குச் சொந்தக் கிணறு. சொந்த செப்டிக் டாங்க். சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று நீர். டாங்க் நீரை அங்கே விட்டால் கிருமி நேரே கிணற்றுக்குப் போகும்.

ஆகவே தரைக்கு மேலே மணல் மேடு போடுகிறார்கள். 1940களில் வடக்கு டகோட்டாவில் பிறந்த யோசனை இது. 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதைத் திருத்திக் கணக்கு வகுத்தார்கள். தரையை உழுது மணல் கொட்டுகிறார்கள். மணல்மீது ஜல்லி, ஜல்லிக்குள் துளைக் குழாய், மேலே மண்ணும் புல்லும். பம்பு அவ்வப்போது அளவாக நீர் விடும். மணலில் இறங்கும் நீரின் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

மேடு எவ்வளவு பெரிது?

ஆளை எண்ணுவதில்லை, படுக்கை அறையை எண்ணுகிறார்கள். இன்று இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நாளை ஆறு பேர் குடிவரலாம் அல்லவா? அறைக்கு நாளொன்றுக்கு சுமார் 570 லிட்டர். மூன்று அறைக்கு 1,700 லிட்டர். ஒரு சதுர அடி மணலுக்கு 3¾ லிட்டர் விடலாம். ஆகவே ஜல்லிப் படுக்கை 450 சதுர அடி.

இத்தோடு நிறுத்துவதுதான் தவறு. மணலைத் தாண்டிய நீரை அடிமண் குடிக்க வேண்டுமே! அது மணலில் பாதி அளவே குடிக்கும் மண்ணானால் 900 சதுர அடி வேண்டும். களிமண்ணானால் இன்னும் அதிகம்.

"குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், உடனே இறங்கிவிட்டது" என்பார் வீட்டுக்காரர். அது நல்ல தண்ணீர், ஐயா! கழிவு நீர் நாளடைவில் கரிய வழவழப்பான படலத்தை உண்டாக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு இறங்கும் என்பதே கணக்கு. செலவுக்கு அஞ்சி மேட்டைச் சுருக்குகிறவர் பம்புக்கும் மணலுக்கும் கொடுத்த பணத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

உருவமும் முக்கியம். சதுரமாகப் போடக்கூடாது. சரிவுக்குக் குறுக்கே, 90 அடி நீளம், 5 அடி அகலம் என்று ஒடுக்கமாகப் படுக்கை போட வேண்டும். இல்லையேல் நீர் மேட்டின் அடிவாரத்தில் கசியும். குழந்தைகள் விளையாடுவது அந்தப் புல்லில்தான்.