முகவரியை ரூட்டரே கொடுக்கட்டும்

மாணவர்களே, உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இருபது கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலையமைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். 192.168.1.11, 192.168.1.12 என்று கையாலேயே பதித்து, பட்டியலை நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது வேண்டாம் என்பதே என் கருத்து. நோட்டு தொலைந்த மறுநாள் யாரேனும் புதுக் கணிப்பொறிக்கும் அதே எண்ணைக் கொடுத்துவிடுவார். இரண்டும் மாறி மாறித் தொடர்பை இழக்கும். பழுது கம்பியில்தான் என்று எண்ணி அரைநாள் அதைத் தேடுவார்கள்!

இவ்வேலையை ரூட்டரே செய்யும். டி.எச்.சி.பி. எனப்படும் இம்முறை 1993-இல் வகுக்கப்பட்டது. புதிதாக இணையும் கருவிக்குத் தன் முகவரியும் தெரியாது, ரூட்டரின் முகவரியும் தெரியாது. ஆகவே, "முகவரி தருவோர் உண்டா?" என்று வலையமைப்பு முழுவதும் கேட்கக் கூவுகிறது. "இந்த எண் வேண்டுமா?" என்கிறது ரூட்டர். "அதையே தருக" என்கிறது கருவி. "தந்தேன்" என்று ரூட்டர் குறித்துக்கொள்கிறது. நான்கே பேச்சில் காரியம் முடிந்தது.

ஆனால் எண் சொந்தமன்று, குத்தகைதான். பாதிக் காலம் கழிந்ததும் கருவி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். கேட்காவிட்டால், காலம் முடிந்தபின் எண் கையிருப்புக்குத் திரும்பும். இக்குத்தகைக் காலத்தை எவரும் கவனிப்பதில்லை என்பதே என் குறை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று வையுங்கள். கையிருப்பு 100 முதல் 199 வரை, அதாவது 100 எண்கள். குத்தகை 24 மணி. காலையில் வந்த நூறு கைபேசிகள் அத்தனையையும் எடுத்துக்கொள்கின்றன. பத்து மணிக்கு அவை போய்விட்டாலும் (பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமலே போகும்) எண்கள் மறுநாள்வரை திரும்பா. பதினோரு மணிக்கு வருபவருக்கு இணையம் இல்லை. நாமோ இணைய நிறுவனத்தைத் திட்டுவோம்! குத்தகையை ஒரு மணியாக்கியிருந்தால் எண்கள் பதினோரு மணிக்குள் திரும்பியிருக்கும்.

ரூட்டர் நின்றால் எல்லாம் நின்றுவிடுமே என்பீர்கள். ரூட்டர் நின்றால் கையால் எழுதிய எண்ணைக் கொண்டும் இணையத்துக்குப் போக முடியாதே! அச்சுப்பொறிக்கு மாறாத எண் வேண்டும் என்பது உண்மை. அதற்கும் ரூட்டரிலேயே, அதன் வன்பொருள் முகவரியைக் குறித்து ஓர் எண்ணை ஒதுக்கிவிடலாம். கைபேசிக்கு இப்படி ஒதுக்கினால் சில சமயம் பலிக்காது. புதிய கைபேசிகள் பல தம் வன்பொருள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன.

இன்னொன்று. வீட்டில் கிடக்கும் பழைய ரூட்டரைப் பள்ளி வலையமைப்பில் அப்படியே செருகிவிடாதீர்கள். முகவரி தருவோர் இருவரானால், முந்திப் பதில் சொல்பவரின் எண்ணையே கருவி பெரும்பாலும் ஏற்கும். பாதிக் கணிப்பொறிகள் வழி தவறும். அதில் இவ்வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும்.

உங்கள் கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், கூவியும் எவரும் பதில் சொல்லவில்லை, அது தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ஆசிரியரின் அனுமதியோடு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, முகவரி தரும் வசதி இயங்குகிறதா, கையிருப்பில் எத்தனை எண்கள், குத்தகை எத்தனை மணி என்று பாருங்கள்.