நொண்டும் உழவு மாட்டுக்கு ஸ்கேன் உதவுமா?

கேள்வி: உழவு மாட்டுக்கு முன்னங்கால் முட்டியில் வீக்கம், நொண்டுகிறது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம். முதலில் குளம்பைக் கழுவி, ஆணி, முள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நொண்டலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். குளம்பில் குறையில்லை என்றால் நாமக்கல், ஒரத்தநாடு போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு ஓட்டிச் செல்லலாம். வீங்கிய இடத்தில் முடியை மழித்து, ஜெல் தடவி ஸ்கேன் செய்வார்கள். தெளிந்த நீர் திரையில் கருப்பாகத் தெரியும். சீழ் கலங்கலாகத் தெரியும். நீர் தோலடியில் மட்டும் நின்றால் பெரிதாகப் பயமில்லை. சிமென்ட் தரையில் படுத்து எழும் மாடுகளுக்கு அப்படி வருவதுண்டு, வைக்கோல் பரப்புங்கள். மூட்டுக்குள் சீழ் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தசைநார் அறுந்திருந்தாலும் ஸ்கேனில் தெரியும். எலும்பின் உட்பகுதிக்கு எக்ஸ்ரேதான். அதுவரை ஏரில் பூட்டாதீர்கள். சூடு போடுவதும் வீக்கத்தைக் கீறுவதும் கூடவே கூடாது. கீறினால் நல்ல நீரிலும் சீழ் பிடித்துவிடும்.