வரி குறைந்தது, அதிகாரம் போயிற்று

ஸ்தல வரியைச் செலுத்துகிறவர்களுக்கே அதை நிர்ணயிக்கும் உரிமையும் இருக்க வேண்டும் என்பது சுயாட்சியின் முதல் பாடம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பிரஜைகள் 1978-ம் வருஷத்தில் வரிச் சுமையை ஒரே மூச்சில் இறக்கி வைத்தார்கள். இறக்கிய மூட்டைக்குள் இந்த உரிமையும் இருந்தது என்பதைப் பிற்பாடுதான் கண்டார்கள். வீட்டு வரியால் வாடும் ஜனங்கள் எத்தேசத்தவராயினும் அந்த வரலாற்றை ஊன்றிக் கவனிப்பது நலம்.

ஜனங்களின் குறை நியாயமானதே. அம்மாகாணம் 58 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றது. வீடு நிலங்களை மதிப்பிடுவதும் வரி வசூலிப்பதும் அதன் வேலை. 1970-க்குப் பின் வீடுகளின் விலை மளமளவென்று ஏறிற்று. கூடவே வரியும் ஏறிற்று. வீட்டை விற்றாலல்லவா விலை உயர்வு கைக்கு வரும்? உபகாரச் சம்பளத்தில் ஜீவிக்கும் முதியவரிடம், "உமது கூரை பொன்னாகிவிட்டது, ரொக்கம் எடும்" என்பது என்ன நீதி? அச்சமயம் மாகாணப் பொக்கிஷத்திலோ சுமார் 500 கோடி டாலர் உபரியாகக் கிடந்தது. சட்டசபை காலத்தில் பரிகாரம் செய்யவில்லை. ஆகவே, ஹவார்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கொணர்ந்த 13-வது பிரேரணையை, 1978 ஜூன் 6-ந் தேதி, வாக்களித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 65 பேர் ஆதரித்ததில் வியப்பில்லை.

வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டலாகாது. மதிப்பு 1975-ம் வருஷத்து நிலைக்கு இறக்கப்படும். சொத்து கைமாறும் வரை அது வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயராது. இவையே புது விதிகள். சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் சரிந்தது. கோடைக்காலப் பள்ளிகள் பல நின்றன. ஒரே மாதிரியான இரு வீடுகளில், புதிதாக வாங்கியவர் பழைய சொந்தக்காரரைவிடச் சுமார் ஐந்து மடங்கு வரி செலுத்தும் விபரீதமும் நேர்ந்தது. இது அரசியல் சட்டத்துக்கு முரணல்லவென்று 1992-ல் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு ஒத்ததெல்லாம் தர்மத்துக்கும் ஒத்ததாகிவிடுமா? முதியவருக்காகப் போட்ட பந்தலில் பெரிய கம்பெனிகளும் நிழல் காய்கின்றன. அவற்றின் கட்டிடங்களை மட்டும் சந்தை விலையில் மதிப்பிடக் கோரிய பிரேரணையும் 2020-ல் தோற்றது.

இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. முன்பு ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் வரி விகிதத்தைத் தானே விதித்தது. பின்னரோ, வசூலான பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கென்பதைத் தலைநகரான ஸாக்ரமெண்டோவில் கூடும் சட்டசபை தீர்மானிக்கலாயிற்று. 1992, 1993-ல் தன் பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது, அச்சபை கவுண்டிகளின் பங்கில் ஒரு பகுதியைப் பள்ளிச் செலவுக்குத் திருப்பித் தன் பாரத்தைக் குறைத்துக்கொண்டது. இத்தகைய செய்கைக்கு 2004-ல்தான் ஜனங்கள் வேலி போட்டார்கள். பூட்டு ஊரில், சாவி தலைநகரில் என்பது சுயாட்சியாகுமா?

வரியைக் குறையுங்கள் என்றால், உத்தியோகஸ்தர்கள் உடனே நூல் நிலையத்தையும் ஆஸ்பத்திரியையும் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். வீண் செலவை மட்டும் வெட்டினால் போதும் என்று ஜனங்கள் பதிலளிக்கிறார்கள். இரண்டும் பாதி உண்மையே. எந்தச் செலவு வீண், எது அவசியம் என்பதை வரவு செலவுக் கணக்கு முழுவதையும் சபையில் விரித்து வைத்து, வரி விதிக்குமுன் இரு தரப்பாரும் வாதித்து முடிவு செய்ய வேண்டும். வரி செலுத்தச் சக்தியற்றவருக்கு அவர் வருமானத்தைப் பார்த்துச் சலுகை தரலாம்; சம மதிப்புள்ள சொத்துக்குச் சம வரி என்ற நியதியை அதற்காகக் குலைக்க வேண்டியதில்லை.

காலத்தில் செவி சாய்க்காத அதிகாரிகளே வரிக் கிளர்ச்சிக்கு வித்திடுகிறார்கள். கிளர்ச்சி செய்வோரும் ஒன்றை மறக்கலாகாது. வரி குறைய வேண்டுமென்று கேட்பது உரிமை. அதைக் குறைக்கும் அதிகாரம் தம் ஊரிலேயே இருக்கும்படி காப்பது கடமை.